மீன் ஏறாத தண்ணீர்

அந்தக் கானாற்றுக்குப் பெயர் கிடையாது. ஜவ்வாது மலையில் இறங்கி, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் பாலாற்றில் போய் விழுகிற பத்து மைல் ஓடைக்கு யார் மெனக்கெட்டுப் பெயர் வைப்பார்கள்? நாவலேரிக்காரர்கள் கானாறு என்றார்கள், அவ்வளவுதான். வருஷத்தில் நாற்பது நாள் மணலுக்கு மேலே ஓடும். மிச்ச நாளெல்லாம் மணலுக்குக் கீழே ஓடும். கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவதை ஓட்டம் என்று ஒத்துக்கொள்ள யாருக்கும் மனசு வராது. மணலில் ஊற்று தோண்டி அதிலிருந்து குடம் நிரப்பிக்கொண்டு போகிறவள்கூட, ஆறு காய்ந்து கிடக்கிறது என்றுதான் எதிரில் வருகிறவளிடம் சொல்லுவாள்.

காயவில்லை என்று சொல்லக்கூடிய ஒருத்தி அந்த ஊரில் இருந்தாள். அவள் பூவம்மாள், ஊருக்கு நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திருப்புவது, எப்போது மடையை அடைப்பது என்பதெல்லாம் நீர்க்கட்டியின் பொறுப்பு. அது ஆண்பிள்ளை வேலை, அவள் புருஷன் பார்த்துவந்தது. 1905இல் அவன் பேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். குழந்தை இல்லை. பன்னிரண்டு வருஷம் அவனோடு மண்வெட்டி தூக்கி அலைந்தவளுக்குத் தெரிந்த அளவு ஆற்றைப் பற்றி வேறு யாருக்கும் தெரியவில்லை. பொம்பளை கையில் மடையைக் கொடுப்பதா என்று மணியக்காரர் ராமலிங்கம் முகம் சுளித்தார். அப்புறம், ஒரு போகம் பார்ப்போம் என்றார். அந்த ஒரு போகம் எட்டு வருஷம் நீண்டது. நன்றாகச் செய்கிறாள் என்று அவர் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை, ஆனால் வேறு ஆளும் தேடவில்லை.

ஆற்றை அவள் கையால் அளந்தாள். தையில் மணிக்கட்டு முங்கத் தோண்டினால் தண்ணீர், சித்திரையில் முழங்கை, ஆனி முடிவில் தோள்பட்டை. ஊருக்குக் கொஞ்சம் கீழே, புங்க மரங்கள் அடர்ந்த வளைவுக்கு அந்தப் பக்கம், ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பாறை மறித்துக் கிடந்தது. மணலுக்குக் கீழே வருகிற தண்ணீர் அங்கே வழி இல்லாமல் மேலே வந்து, பாறையைத் தாண்டி விழுந்து, அதன் அடியில் மடுவாக நிற்கும். எந்தக் கோடையிலும் வற்றாது. ஆற்றில் இருந்த உயிரெல்லாம் கோடையில் அந்த மடுவுக்குள் ஒண்டிக்கொள்ளும். கெளுத்தி, கெண்டை, அயிரை, நண்டு, தவளை என்று எல்லாம் ஒரே இடுக்கில். மீன்கொத்தி ஒன்று புங்கங்கிளையில் காவல்காரன் போல உட்கார்ந்திருக்கும்.

ஆடி மாதம்தான் அவளுக்குப் பரீட்சை. ஊரில் ஒரு தூறல் இருக்காது, ஆனால் மலையில் மின்னும். அங்கே இடித்துப் பெய்கிற மழை, ஒரு வருஷமாக உதிர்ந்து கிடக்கிற தழையையெல்லாம் ஊறவைத்துக் கழுவிக்கொண்டு இறங்கும். கஷாய நிறத்தில் வரும் அந்த முதல் தண்ணீருக்குத் தழைத் தண்ணி என்று பெயர். உரம் கலந்த தண்ணீர். அதை நாற்றங்காலுக்கு விட்டால் நாற்று கருகருவென்று வரும். ஆற்றுக்குக் குறுக்கே கல்லும் மண்ணும் புதருமாகப் போட்ட தடுப்பு தண்ணீரைக் கால்வாய்ப் பக்கம் திருப்பும், கால்வாய் வாயில் மடை. நீர்க்கட்டி இறங்கி ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, தழைத் தண்ணி வந்துவிட்டது என்று வாயால் சொன்ன பிறகுதான் மடைப் பலகையில் யாரும் கை வைக்கலாம். சொன்னதும் எல்லோரும் கழனிக்கு ஓடுவார்கள். விதைப்பு முடிந்து மத்தியானம்தான் கூடையோடு மடுவுக்கு மீன் பிடிக்கப் போவார்கள்.

நாக்கில் துவர்ப்பு இருக்க வேண்டும். மலையில் கடுக்காயும் ஆவாரையும் காடாக இருந்ததால் அந்தத் துவர்ப்பு. ஆனால் பூவம்மாளின் புருஷன் நாக்கோடு நிறுத்த மாட்டான். வளைவைத் தாண்டிப் போய் மடுவைப் பார்த்துவிட்டு வருவான். புதுத் தண்ணீர் வாசம் பட்டதும் மடுவிலிருக்கிற மீனெல்லாம் பாறைமேல் துள்ளி ஏறி, ஓட்டத்துக்கு எதிராக மலையைப் பார்த்துக் கிளம்பும். ஏத்துமீன் என்பார்கள். அது ஏறுவதைக் கண்ணால் பார்க்காமல் அவன் வாய் திறந்ததே இல்லை. ஊர் அவனைத் திட்டும், அவன் காதில் வாங்க மாட்டான். அவனுக்குப் பிறகு அவளும் அப்படியே செய்தாள்.

1908இல் ஊருக்கு மேலே இரண்டு மைலில் ஆற்றங்கரையில் ஒரு தோல் ஷாப்பு வந்தது. பூவம்மாளின் கொழுந்தன் கன்னியப்பன் அங்கே குழி வேலைக்குச் சேர்ந்தான். தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் கழற்றுவார்கள். பிறகு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறுகிற பட்டைக் குழியில் வாரக்கணக்கில் போட்டுவைப்பார்கள். பட்டையும் காயும் எங்கிருந்து வந்தன என்றால், அதே ஜவ்வாது மலையிலிருந்துதான். ஆற்றுக்குத் துவர்ப்புக் கொடுத்த அதே மரம், அதே செடி. இதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. நானாக இருந்தாலும் யோசித்திருக்க மாட்டேன்.

1913 ஆடியில் மலையில் தொடர்ந்து இரண்டு நாள் சாயங்காலம் மின்னியது. முதல் நாள் மின்னியதுமே ஊர் முழுக்க விதைநெல்லை ஊறப் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் கோணிக்குள் நெல் முளைவிட்டிருந்தது. முளை விட்ட விதை காத்திருக்காது. அன்றைக்கே சேற்றில் விழ வேண்டும், இல்லாவிட்டால் சூடேறி வீணாகிவிடும். விடிந்து பார்த்தால் ஆற்றில் கஷாயத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதிகம் இல்லை, கணுக்கால் அளவு. நாற்பது குடும்பத்து ஆட்கள் மடையருகே மண்வெட்டியோடு நின்றார்கள்.

பூவம்மாள் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தாள். துவர்ப்பு. எட்டு வருஷமாகத் தெரிந்த அதே துவர்ப்பு. பிறகு வளைவைத் தாண்டி மடுவுக்குப் போனாள். பழுப்புத் தண்ணீர் பாறையைத் தாண்டி மடுவில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு மீனும் ஏறவில்லை. ஒரு அயிரைகூட. மீன்கொத்தி கிளையில் சும்மா உட்கார்ந்திருந்தது. அவள் நின்றாள். இன்னும் கொஞ்சம் நின்றாள். வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது ராமலிங்கம் கரையில் நின்றிருந்தார். அவர் வீட்டு விதையும் கோணியில்தான் இருந்தது.

"இன்னா பாத்துக்கினு கீறே இத்தினி நேரம்? வெதை சூடேறுது. தண்ணி இன்னா தண்ணி, சொல்லு."

மீன் கொஞ்சம் தாமதமாக ஏறும் போலிருக்கிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அத்தனை முகத்தையும் பார்த்துக்கொண்டு, தெரியவில்லை என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"தழைத் தண்ணிதான் சாமி," என்றாள்.

பலகையைத் தூக்கினார்கள். நாற்றங்கால்கள் ஒவ்வொன்றாக நிரம்பின, சேறு மிதித்து விதைத்தார்கள். உச்சிப் பொழுதில் ஆற்றுத் தண்ணீர் நிறம் மாறி வெளுக்கத் தொடங்கியது. சுண்ணாம்பு நாற்றம் வந்தது. பூவம்மாள் ஓடிப்போய் மடையை அடைத்தாள், ஆனால் வயல் குடித்தது குடித்ததுதான். மத்தியானம் கூடையோடு மடுவுக்குப் போனவர்கள் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதப்பதைப் பார்த்தார்கள். சிரமமில்லாமல் கிடைக்கிறதே என்று சிலர் அள்ளிக்கொண்டார்கள். அவை ஏறப் போய்ச் செத்தனவா, ஏறாமலே செத்தனவா என்று யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் முளையெல்லாம் கறுத்துச் சேற்றோடு சேறாகக் கிடந்தது. அடுத்த விதைப்புக்கு ஊரில் விதை இல்லை. அந்த வருஷத்துச் சம்பா அதோடு போனது.

விஷயத்தைக் கன்னியப்பன்தான் அவளிடம் சொன்னான். மலையில் இரண்டாம் நாளும் மின்னியதைப் பார்த்ததும் ஷாப்பு மேஸ்திரி மஹபூப் பாஷா, பழைய குழிகளையெல்லாம் ஆற்றில் திறந்துவிடச் சொல்லியிருக்கிறார். முதலில் பட்டைக் குழி, பிறகு சுண்ணாம்புக் குழி, உப்புத் தோல் கழுவிய தொட்டி. விடிவதற்குள் மலை வெள்ளம் வந்து அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று கணக்கு. வெள்ளம் வரவில்லை. மலையில் மின்னியதோடு சரி. ஊர் எந்த மின்னலை நம்பி விதையை ஊறப்போட்டதோ அதே மின்னலை நம்பித்தான் அவர்களும் திறந்திருக்கிறார்கள். அடைப்பைப் பிடுங்கியது கன்னியப்பனின் கை.

"வெளிய தெரிஞ்சா ஷாப்பை மூடிடுவாங்க அண்ணி. நம்ம தெருவுல மட்டும் இருபது பேரு வேலை செய்றோம்," என்றான்.

அவள் சரி என்று தலையாட்டினாள். மீன் ஏறாததை அவனிடம்கூடச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். சாவடியில் நாற்காலி போட்டார்கள். ஷாப்புத் தண்ணீர்தான் விதையைக் கொன்றது என்று ஊர் சொன்னது. மஹபூப் பாஷா வியர்க்க விறுவிறுக்க நின்று, உங்கள் நீர்க்கட்டியே நாக்கில் வைத்துப் பார்த்து மலைத் தண்ணீர் என்று சொல்லித்தானே திறந்தீர்கள் என்று கேட்டார். அவர் பொல்லாத மனிதர் இல்லை. வெள்ளம் வருமென்று நிஜமாகவே நம்பியவர். ஆனால் அந்த ஒரு கேள்வியில் ஊர் முழுக்கப் பூவம்மாள் பக்கம் திரும்பியது. அதிகாரி பூவம்மாளைக் கூப்பிட்டு, எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்டார். துவர்ப்பை வைத்து என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டார். அப்புறம் தலையைத் தூக்கி, நியாயமான ஒரு கேள்வி கேட்டார்.

"மலைத் தண்ணிக்கு வேற அடையாளம் எதுனா உண்டா? அன்னிக்கு எதுனா பாத்தியா?"

மீன் ஏறவில்லை என்ற இரண்டு வார்த்தை போதும். சாவடியில் இருந்த ஒவ்வொருவருக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். அது மலைத் தண்ணீர் இல்லை என்று அந்த நிமிஷமே தீர்ந்துபோயிருக்கும், ஷாப்பு இனிமேல் ஆற்றில் ஒரு குழி திறக்க முடியாதபடி எழுத்தாகியிருக்கும். ஆனால் மீன் ஏறாததைப் பார்த்துவிட்டுத்தான் இவள் மடையைத் திறக்கச் சொன்னாள் என்பதும் அதே வார்த்தையில் தெரிந்துவிடும். பின்னால் கன்னியப்பன் நின்றுகொண்டிருந்தான். ராமலிங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. பயம்கூட இல்லை, வெறும் வெட்கம்.

"இல்ல சாமி," என்றாள்.

விதையில் ஏதோ நோய் என்று எழுதிவிட்டு அதிகாரி போனார். பூவம்மாள் வீட்டுக்கு வந்து கூழ் குடித்துவிட்டுப் படுத்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ராமலிங்கம் திட்டியிருந்தால்கூட ஏதாவது ஆகியிருக்கும். அவர் அடுத்த வாரம் வேறொருவனிடம் மண்வெட்டியைக் கொடுத்தார். அவள் மரத்துப்போனாள். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தூக்கம் வந்தது, பசித்தது, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள்.

மஹபூப் பாஷா அவளைத் தானே கூப்பிட்டுப் பட்டை இடிக்கிற வேலை கொடுத்தார். இரக்கப்பட்டுத்தான் கொடுத்தார், ஊர் அதை லஞ்சம் என்று எடுத்துக்கொண்டது. பூவம்மாள் வேலைக்குப் போனாள். பதினேழு வருஷம் உலக்கை பிடித்தாள். காலையில் ரோட்டு வழியாகப் போவாள், சாயங்காலம் ரோட்டு வழியாக வருவாள். ஆற்று வழி பாதி தூரம்தான், ஆனால் அந்தப் பக்கம் அவள் கால் வைக்கவில்லை. மடு என்ன ஆயிற்று என்று கேட்கவும் இல்லை. அவள் முன்னால் ஆற்றுப் பேச்சு எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

அதற்குள் யுத்தம் வந்தது. பட்டாளத்துக்குத் தோல் ஜாஸ்தி வேண்டியிருந்தது. ஒரு ஷாப்பு நான்கு ஷாப்பாயிற்று. ஆற்றில் குழி திறக்க மின்னலைப் பார்த்துக் காத்திருக்கிற வழக்கமும் போயிற்று. நினைத்த நாள் திறந்தார்கள். ஓரத்துக் கோரை கருகிற்று. கோடையில் மணல் மேல் உப்புப் பூத்தது. ஊற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது, பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்துக் கிணற்றுக்கு நடந்தார்கள். நாற்றங்காலுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். மலையில் பட்டைக் குத்தகைக்காரர்கள் ஆவாரையை வேரோடு பறித்தார்கள், விறகுக்காரர்கள் மிச்சத்தை வெட்டினார்கள். மழையைப் பிடித்துவைத்துக்கொள்ள மலையில் ஒன்றும் இல்லை. நாற்பது நாள் ஓடிய ஆறு பத்து நாள் ஓடியது. பிறகு பெய்த அன்று மட்டும் ஓடியது.

1930இல் இரண்டு வருஷமாக மழை இல்லை. கிணறுகளில் தண்ணீர் இறைக்கிற சால் தரையைத் தட்டியது. ஆடியில் மலைப்பக்கம் கறுத்து மின்னியது. வேறு வழியில்லாமல் பழையபடி விதையை ஊறப் போட்டார்கள். முளை விட்ட காலையில் ஆற்றில் பழுப்புத் தண்ணீர் முழங்கால் அளவு வந்தது. மேலே கடுக்காய் மிதந்தது, ஆனால் ஷாப்புக் குப்பையிலும் கடுக்காய்தான். நான்கு ஷாப்பும் சேர்ந்து திறந்தால் அதுவும் முழங்கால் அளவுதான் வரும். ஷாப்பில் போய்க் கேட்டால் திறக்கவில்லை என்பார்கள், எப்போதும் அதைத்தான் சொன்னார்கள். புது நீர்க்கட்டி விழித்தான். ராமலிங்கத்துக்கு அப்போது எழுபது வயசு, கோல் ஊன்றிக் கரைக்கு வந்திருந்தார். பூவம்மாளைக் கூட்டிவா என்று ஆள் அனுப்பினார்.

முந்தானையில் பட்டைத் தூளோடு வந்து நின்றாள். ஊர் ஒதுங்கி வழி விட்டது.

"நீ பாத்துச் சொல்லு பூவம்மா. நீ இன்னா சொல்றியோ அதான்," என்றார் ராமலிங்கம்.

பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குள் ஏதோ அசைந்தது. இந்தத் தடவை தப்பக் கூடாது. அவள் தண்ணீரை நாக்கில் வைக்கவே இல்லை. நாள் பூரா பட்டைத் தூள் தின்கிற நாக்கை நம்பி என்ன ஆகப்போகிறது? நேரே வளைவைத் தாண்டி மடுவுக்குப் போனாள். பழுப்புத் தண்ணீர் பாறையைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தாள். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது. ஒரு மீனும் ஏறவில்லை. உச்சிப் பொழுது வரை பார்த்தாள், ஒரு அயிரைகூட இல்லை. திரும்பி வந்து, அத்தனை முகத்தையும் நிமிர்ந்து பார்த்து, தயங்காமல் சொன்னாள்.

"இது மலைத் தண்ணி இல்ல சாமி. தொறக்காதீங்க."

எதை வைத்துச் சொல்கிறாள் என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை, திறக்கவும் இல்லை. முளைவிட்ட விதையை வீட்டுக்குத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது ஒருத்தி அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் பூவம்மாள் வீட்டில் உட்கார்ந்து, வெகு நாளைக்கு அப்புறம் ருசித்துச் சாப்பிட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கன்னியப்பன் வேலை முடிந்து வந்தான். இன்றைக்கு நான்கு ஷாப்பிலும் ஒரு குழிகூடத் திறக்கவில்லை என்றான். மலையில் நல்ல மழை, வந்ததெல்லாம் சுத்தமான தழைத் தண்ணீர், ஊர் ஏன் மடையைத் திறக்காமல் விட்டது என்று கேட்டான்.

"மீனு ஏறல," என்றாள் பூவம்மாள்.

கன்னியப்பன் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தான்.

"எந்த மீனு அண்ணி? மடுவுல மீனு செத்துப் போயி பத்து வருசம் ஆவுதே. ஏறுறதுக்கு இன்னா கீது அங்க?"

அவள் எழுந்து ஆற்றுக்குப் போனாள். தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இறங்கியது. காலையில் முழங்கால் அளவு ஓடிய ஆறு மணலில் நாலைந்து கீற்றாகப் பிரிந்து பாலாற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அடுத்த மழைக்குள் விதை அழுகிவிடும்.

அங்கிருந்து நேராக ராமலிங்கம் வீட்டு வாசலுக்குப் போனாள். அவருக்கு அதற்குள் சேதி வந்திருந்தது. அவள் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தோ என்னவோ, போகட்டும் என்பது போலக் கையை ஆட்டினார். அவள் போகவில்லை.

"அன்னிக்கும் மீனு ஏறல சாமி. முதல் தபா, வெதை கருகிச்சே, அன்னிக்கு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் தொறக்கச் சொன்னேன். ஆபீசரு கேட்டப்பவும் சொல்லல."

ராமலிங்கம் திண்ணையில் உட்கார்ந்தார். கோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். திரும்ப எடுத்துக்கொண்டார். கோபித்துக்கொள்ள வேண்டிய வயசு அவருக்குத் தாண்டிப் போயிருந்தது.

"அன்னிக்குச் சொல்லியிருந்தா இன்னிக்கு மடுவுல மீனு இருந்திருக்கும் இல்ல?" என்றார்.

"இருந்திருக்கும் சாமி," என்றாள்.

அவர் உள்ளே போய்விட்டார். அவள் அழுகை வருமா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு ஆற்று வழியாகவே வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் காலையில் ஷாப்புச் சங்கு ஊதியதும் பட்டை இடிக்கப் போனாள்.